காலி ஆணி

உலையில் தெறித்த இரும்பு என் கணவர் பாவோலின் இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவருக்கு மிச்சம் இருந்த சந்தோஷம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றுதான். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கையைப் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிப் போவேன். இடது பக்க வேலியை ஒட்டி ஒரு புல்மேடு. அங்கே ஒரு பெரிய மரப்பலகை நிற்கும். ஆட்டக் கணக்கு அதில்தான் ஏறும். அதற்கு அடியில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்வேன், அவர் கேட்பார். எனக்கு ஆட்டம் சரியாகத் தெரியாது. பாதியை விட்டுவிடுவேன், மீதியைத் தப்பாகச் சொல்வேன். அவர் கோபப்படவே மாட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

பலகைக்குப் பின்னால் பரண்மேல் நின்றுகொண்டு, எண் எழுதிய தகரத் தகடுகளை ஆணிகளில் மாட்டுகிறவர் யுராய் பெட்ராஷ். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு தகட்டை மாட்டிவிட்டு, விரல் முட்டியால் பலகையைத் தட்டினார். டொக், டொக்.

"ரெண்டு," என்றார் பாவோல்.

நிமிர்ந்து பார்த்தேன். இரண்டுதான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தகட்டுக்கும் தட்டு விழுந்தது. மூன்று என்றால் மூன்று தட்டு. சைபர் என்றால் தட்டு இல்லை, நகத்தால் ஒரே ஒரு கீறல். இப்படிச் செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவும் இல்லை, செய்கிறேன் என்று அவர் சொல்லவும் இல்லை. ஆட்டம் முடிந்து அவர் ஏணியில் இறங்கி வந்தபோது நன்றி சொல்லப் போனேன்.

"தட்டினேனா? ஆணி ஆடிட்டு இருந்துச்சு, இறுக்கிவிட்டேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஓஹயோ ஆற்றங்கரையில் எங்கள் ஸ்டோக்ஸ் ஃபெரி அன்று இரும்பாலையை நம்பிப் பிழைத்த ஊர். எங்கள் தெரு முழுக்க ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தவர்கள். யுராய் அண்ணன் சின்ன வயதில் தாய்மாமனோடு கப்பலேறி வந்து, மீசை முளைக்கும் முன்பே ஆலைக்குள் போனவர். பளு தூக்கும் சங்கிலி அவர் இடது கையில் இரண்டு விரல்களைத் தின்றது. அதன் பிறகு ஆலை வாசலில் காவல் வேலை. மனைவி ஆன்னா, ஒரே மகள் இரேனா. ஞாயிறு காலையில் கோயிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். அவர் முதலடியை எடுத்தால், மேலே கண்ணாடிச் சன்னலில் இருக்கும் புனிதர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள் என்று பங்குச் சாமியார் சொல்வார். மதியம் பலகை வேலை. சாயங்காலம் பீர் கடையில் இரண்டு கிளாஸ், நாலு பேரோடு வம்பு. அவ்வளவுதான் அவருடைய வாழ்க்கை. அதை ஒரு சைபர் தகடு கெடுத்தது.

எங்கள் ஊரில் 'அது' என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். பந்தெறிகிறவன், எதிரணியில் ஒருவனையும் சுத்தமான ஒரு அடிகூட அடிக்கவிடாமல், ஒன்பது சுற்றையும் முடிப்பது. வருஷக்கணக்கில் ஆடுகிறவனுக்கும் அது வாய்ப்பதில்லை. அது நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கலைந்துவிடும். எறிகிறவனோடு அவன் அணிக்காரர்களே பேச மாட்டார்கள், பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். அதிர்ஷ்டத்தை நம்புவது பாவம் என்று பிரசங்கம் வைத்த பங்குச் சாமியாரே மைதானத்துக்கு வந்தால் வாயை இறுக்கிக்கொண்டு உட்காருவார். நான் மட்டும் என்ன, இப்போது எழுதும்போதுகூட 'அது' என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் மைதானத்தில் இதற்கென்று இன்னொரு வழக்கமும் இருந்தது. பலகையின் கடைசியில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆணிகள்: ஓட்டம், அடி, பிழை. பாதி ஆட்டம் தாண்டியும் எதிரணிக்கு ஒரு அடிகூட இல்லையென்றால், யுராய் அண்ணன் 'அடி' ஆணியில் இருக்கும் சைபரைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுவார். சைபரை மாட்டி வைப்பதும் வாயால் சொல்வதும் ஒன்றுதான் என்பது எங்கள் கணக்கு. ஜனங்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆணி காலியாக இருக்கும். ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். பிறகு மைதானம் முழுவதும் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் எழுந்தேற்ற நேரம்போல அமைதியாகிவிடும்.

ஐம்பத்தோராம் வருஷக் கோடை. அன்று எங்கள் அணிக்குப் பந்தெறிந்தவன் எமில் கோஸ்டல்னிக். எங்கள் தெருப் பையன், இருபது வயது. அவன் அப்பா மத்தூஷும் யுராய் அண்ணனும் ஆலையில் ஒரே உலையில் வேலை செய்தவர்கள். சங்கிலி விரலைக் கடித்தபோது யுராய் அண்ணனை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தவர் மத்தூஷ்தான். எமிலைப் பார்க்கவென்று பெரிய அணி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வரப்போவதாக ஒரு வாரமாகவே தெருவில் பேச்சு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பையனுக்கு ஆலை இல்லை, உலை இல்லை. மத்தூஷ் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியதை நானே பார்த்தேன்.

அன்று எமில் எறிந்த எறி! பாவோல் பந்து கையுறையில் விழும் சத்தத்தை வைத்தே சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது சுற்று முடிந்ததும் மேலே ஆணியிலிருந்து தகடு இறங்கும் சின்னச் சத்தம் கேட்டது.

"வெரோனா," என்று என் கையைப் பிடித்தார். "கழற்றிட்டாரா?"

"பேசாம இருங்க," என்றேன்.

ஏழாவது சுற்றின் முடிவில் பலகைக்குப் பின்னால் ஏணி கிறீச்சிட்டது. யாரோ மேலே ஏறிப் போனார்கள். நான் அப்போது கீழே இருந்த கடைக்குப் போய் பாவோலுக்குச் சாசேஜ் வாங்கிக்கொண்டிருந்தேன். இதன் பிறகு பரண்மேல் நடந்ததெல்லாம் பாவோல் காதால் கேட்டது. கண்ணில்லாத மனுஷன், தலைக்கு மேல் ஒரே ஒரு பலகை இடைவெளி. ஒரு சொல் தப்பவில்லை.

"டேய் யுராய், அந்த சைபரை எடுத்து மாட்டு."

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா மத்தூஷ்? இறங்கு கீழ."

"அந்த ரெண்டு தொப்பிக்காரனும் நாலாவது சுத்துலதான் வந்து சேர்ந்தான்க. வழியில டயர் வெடிச்சிடுச்சாம். வந்ததுலேருந்து தின்னுக்கிட்டுக் கதை பேசிக்கிட்டு இருக்கான்க. என் பையன் என்ன பண்ணிக்கிட்டிருக்கான்னு அவன்களுக்குத் தெரியவே தெரியாது."

"யாராவது போய்ச் சொல்லுங்க."

"எவன் சொல்லுவான்? நீ சொல்லுவியா? நான் சொல்லுவேனா? பலகையைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னா, நீதான் ஆணியைக் காலியா வச்சிருக்கியே!"

"நாளைக்குப் பேப்பர்ல படிச்சுக்குவான்க."

"நாளைக்கு அவன்க அடுத்த ஊர்ல இன்னொருத்தன் பெத்த பையனைப் பாத்துக்கிட்டு இருப்பான்க. மாட்டுடா."

"என்னால முடியாது. கலைஞ்சா ஊரே என்னைத் தின்னுடும்."

"தகட்டைத்தானே மாட்டச் சொல்றேன், வாயால சொல்லச் சொல்லலையே! உன்னைத் தூக்கிச் சுமந்தேனே, அதுக்காக மாட்டு. பழி வந்தா நான் ஏத்துக்கறேன்."

பிறகு தகரம் உரசும் சத்தம். ஏணி கிறீச்சிட்டது. மத்தூஷ் இறங்கிப் போனார். அதற்குப் பிறகுதான் நகத்தால் அந்த ஒரு கீறல்.

நான் சாசேஜோடு திரும்பியபோது பாவோல் வெளிறிப் போயிருந்தார். மைதானத்தில் தேன்கூட்டைக் கலைத்ததுபோல ஓர் இரைச்சல். நிமிர்ந்து பார்த்தேன். காலியாக இருக்க வேண்டிய ஆணியில் சைபர் வெயிலில் மின்னியது. அந்த இரண்டு தொப்பிக்காரர்களும் தின்பதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மத்தூஷ் நினைத்தது பலித்துவிட்டது. எமிலும் பலகையைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

எட்டாவது சுற்றில் முதலில் வந்தவன் அவுட். அடுத்து வந்தது ஓர் ஒல்லிப் பையன், சட்டை தோளில் தொங்கியது. இரண்டு பந்துகளை விட்டான். மூன்றாவதை அடித்தான். பந்து ஆட்டக்காரர்கள் தலைக்கு மேலே பறந்து, புல்லில் விழுந்து, உருண்டு உருண்டு எங்கள் பலகைக்கு நேர் கீழே வேலியில் முட்டி நின்றது. மேலே ஒரு தகடு இறங்கியது, இன்னொன்று ஏறியது.

டொக்.

அந்த ஒற்றைத் தட்டைச் சாகும்வரை மறக்க முடியாது என்பார் பாவோல். அப்படி ஒரு நேரத்திலும் அந்த மனுஷன் தட்ட மறக்கவில்லை.

அதோடு எமிலின் கைவாகு போயிற்று. குறி தப்ப எறிந்து, வரிசையாக நாலு பேருக்கு அடிக்காமலே இலவச நடை கொடுத்தான். ஆட்டத்திலும் தோற்றோம். தொப்பிக்காரர்கள் கடைசிச் சுற்றுக்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள்.

வாசலில் கூட்டம் யுராய் அண்ணனைச் சூழ்ந்துகொண்டது. முதல் குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? மத்தூஷுடையது.

"யாரைக் கேட்டுடா மாட்டின? என் பையன் வாழ்க்கையை ஆணியில மாட்டிட்டியேடா!"

யுராய் அண்ணன் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பக்கத்தில் எமில் நின்றான். மத்தூஷ் தரையில் காறித் துப்பினார். அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். முதுகில் யாரோ சோளக்கட்டையை எறிந்தார்கள்.

பாவோல் அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணே, நான் எல்லாத்தையும் கேட்டேன். கோயில் வாசல்ல நின்னு சொல்றேன்."

"கேட்டிருப்பேன்னு தெரியும். சொல்லாத."

"ஏன்?"

"பழியை ஏத்துக்கறேன்னு சொன்னவன் அவன். அவனே வந்து ஏத்துக்கட்டும். நானா கொண்டுபோய் அவன் தலையில வைக்க மாட்டேன். ரெண்டு நாள்ல வருவான் பாரு. அவன் கெட்டவன் இல்ல."

இரண்டு நாளில் வரவில்லை. ஞாயிறு வந்தது. பூசையில் யுராய் அண்ணன் வழக்கம்போல எழுந்து பாட்டின் முதலடியை எடுத்தார். இரண்டாவது அடியை யாரும் எடுக்கவில்லை. நானும் பாவோலும் மட்டும் பாடினோம். எங்கள் இரண்டு குரலும் அவ்வளவு பெரிய கோயிலில் எந்த மூலைக்குக் காணும்? அண்ணன் மூன்றாவது அடியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். சாமியார் தானே பாட்டை எடுக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். மத்தூஷின் குரலும் அதில் இருந்தது. ஆண்டவரே, அன்றைக்கு என் வாயில் பாட்டு கசந்தது. யுராய் அண்ணன் அதற்குப் பிறகு பாடவே இல்லை.

பலகை வேலையையும் எடுத்துவிட்டார்கள். அந்த சைபர் தகட்டை யாரோ கழற்றிக்கொண்டு போய், பீர் கடையில் அவர் வழக்கமாக உட்காரும் ஸ்டூலுக்கு நேர் மேலே அடித்து வைத்தார்கள். அவர் போவதை நிறுத்தவில்லை. அதன் கீழேயே உட்கார்ந்து குடிப்பார்.

"சைபர் அண்ணே வந்துட்டாரு, எல்லாரும் வாயைப் பொத்திக்குங்க!" என்பான் கடைக்காரன்.

"உன் வாயைப் பொத்தினா ஊருக்கே நல்லது. பீரை ஊத்து," என்பார்.

பெண்கள் மட்டும் சும்மா இருந்தோமா? ரொட்டிக் கடை வரிசையில் ஒருத்தி ஒரு கர்ப்பிணியிடம், "எத்தனை மாசம்னு அந்த ஆள் முன்னாடி சொல்லிடாதடி," என்றாள், அவர் பின்னால் நிற்கும்போதே. அவர் தொப்பியைத் தொட்டு அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, ரொட்டி வாங்காமலே திரும்பிப் போனார். விளையாட்டாக ஆரம்பித்தது இது. கொஞ்ச வருஷத்தில் யாருக்கும் அது விளையாட்டு என்பதே நினைவில்லை.

எமில் ஆலைக்குள் போனான். அப்பா நின்ற அதே உலையில் நின்றான்.

பாவோல் மாதம் ஒரு தரமாவது கேட்பார்: "அண்ணே, இப்பவாவது சொல்லட்டுமா?" "அவன் வருவான்," என்பார் அண்ணன். மத்தூஷோ தெருவில் அண்ணனை எதிரே கண்டால் மறுபக்கம் கடந்துவிடுவார். தன்னால் கெட்டுப்போனவனின் முகத்தைப் பார்ப்பது லேசா? நான் அவருக்காகவும் செபமாலை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவரை நினைத்து மனசு இளகியது என்று சொன்னால் பொய்.

ஆன்னா அக்கா இறந்தபோது பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். நாலு பேர்தான் வந்தார்கள். பாவோல் தடவித் தடவிப் போய் ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கடைசிக் கைப்பிடி வெறுமனே இருந்தது. கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எமில் வந்து அதைப் பிடித்தான். மத்தூஷ் எதிர்ச் சாரியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மண் போட்டு முடித்ததும் எமில் யுராய் அண்ணன் பக்கத்தில் வந்தான். நாங்கள் இரண்டடி தள்ளி நின்றோம்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கோபம் இல்ல. ஏன் மாட்டினீங்க?"

பாவோல் என் கையை நசுக்கினார். இதோ, இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"உங்கப்பன் என்ன சொல்றான்?" என்று கேட்டார் அண்ணன்.

"அவர் அதைப் பத்திப் பேசவே மாட்டாரு. ஆனா தினமும் உலையில எனக்குப் பக்கத்துலதான் நிக்கறாரு. ஷிப்ட் முடியறப்போ தோள்ல கையை வச்சு, 'நீ பெரிய இடத்துக்குப் போயிருக்க வேண்டியவன்டா'ம்பாரு. அதைக் கேட்டுத்தான் மாமா நான் மறுநாள் எந்திரிச்சு வேலைக்குப் போறேன்."

யுராய் அண்ணன் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

"கை தவறிடுச்சு எமில். ஓட்டத்துக்கு மாட்ட வேண்டியது. பக்கத்து ஆணியில மாட்டிட்டேன். எனக்குத்தான் விரல் இல்லையே."

எமில் அந்தக் கையைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணன் சுவரில் இருந்த சிலுவையைக் கழற்றிப் பாவோல் கையில் கொடுத்தார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லு. எமில் உசுரோட இருக்கற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்னு. நீயும்தான் வெரோனா. மத்தூஷ் வந்து சொன்னா அது வேற."

சொன்னோம். எமில் போன தவக்காலத்தில் இறந்தான். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். எமிலுக்கு முன்பே இறந்துபோன பாவோலுக்கும் சேர்த்து.

ஆன்னா அக்கா போய்ச் சில வருஷம் கழித்து, மத்தூஷின் நெஞ்சில் ஆலைப் புகை அடைந்து அவர் படுக்கையில் விழுந்தார். டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று தெருவுக்கே தெரிந்தது. அன்று காலை யுராய் அண்ணன் வீட்டுக்குச் சூப் கொண்டு போனேன். மழமழவென்று சவரம் செய்து, ஆன்னா அக்காவின் அடக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கேயாவது போறீங்களாண்ணே?"

"ஆள் அனுப்புவான். கூப்பிட்டா உடனே கிளம்பணும்ல."

மறுநாளும் அதே கோட்டு. கோட்டின் தோளில் ரொட்டித் தூள். தேவ நற்கருணையோடு சாமியார் மத்தூஷின் வீட்டுக்குள் போனதைச் சன்னலிலிருந்தே பார்த்தார். சாமியார் வெளியே வந்து நேராகக் கோயிலுக்குப் போனார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் அவரிடம் மத்தூஷ் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அது சாமியாரோடு போயிற்று. மூன்றாம் நாள் மதியம் சாவு மணி அடித்தது. அண்ணன் எழுந்து, கோட்டைக் கழற்றி மடித்து, நாற்காலி முதுகில் போட்டார்.

"ஒரு வார்த்தை," என்றார் என்னைப் பார்க்காமல். "ஊர் முன்னாடி வேண்டாம். என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாம். 'மாட்டச் சொன்னது நான்தான் யுராய்'னு. நானும் 'தெரியும்டா'ன்னிருப்பேன்."

நான் கொண்டுபோன சூப் அப்படியே ஆறிக் கிடந்தது.

இரண்டு வருஷம் கழித்து மைதானத்தை இடித்தார்கள். அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் வரப்போகிறதாம். ஜனங்கள் ஞாபகத்துக்கென்று இருக்கைகளைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். கணக்குப் பலகை புல்மேட்டில் குப்புறக் கிடந்தது. அதே வாரம் இரேனா அப்பாவைக் கிளீவ்லாண்டுக்குக் கூட்டிப் போக வந்தாள். தெருவில் வழியனுப்ப வந்தது நான் ஒருத்திதான். பாவோலுக்கு அப்போதே கால் வீங்கி நடக்க முடியாது. வால்நட் ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

"பாவோல் வருத்தப்படறாரு அண்ணே, வர முடியலன்னு."

அண்ணன் கார் கதவை விரல் முட்டியால் தட்டினார். டொக், டொக், டொக்.

"இதைப் போய்ச் சொல்லு. மூணு ஓட்டத்துல நாம ஜெயிச்சிட்டோம்னு."

இரேனா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவள் புருஷன் வண்டியைக் கிளப்பினான். எனக்குப் பொறுக்கவில்லை.

"மத்தூஷ் போயிட்டாரு. நீங்களும் ஊரை விட்டுப் போறீங்க. எமில்கிட்ட மட்டுமாவது சொல்லிட்டுப் போகலாமே. இத்தனை வருஷமா உங்க தகடுதான் அவன் வாழ்க்கையைக் கெடுத்துச்சுன்னு ஊரே சொல்லுது. இன்னொருத்தர் செஞ்சதுன்னு தெரிஞ்சா..."

அவர் சன்னல் கண்ணாடியை இறக்கி என்னை உற்றுப் பார்த்தார். கேலியாகச் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தகடு என்ன செஞ்சுச்சு, மத்தூஷ் என்ன செஞ்சான்? அந்த ஒல்லிப் பையன் நல்லா அடிச்சான் வெரோனா. அப்படி ஒரு அடி. நான்தான் மேலேயிருந்து பாத்தேனே. இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல ஒருத்தன்கூட அதைச் சொல்லல."